சோப்பக்கா கழுவிய மூச்சுக்குழல்

சோப்பக்காவுக்கு அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யார் என்று பரிசோதனைக்கூடத்தில் யாருக்கும் நினைவில்லை. வைத்தவர் வேலையை விட்டுப் போயிருப்பார். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. சம்பளச் சீட்டில் இருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். செய்த வேலைக்குப் பொருத்தமான பெயர்தான். பன்றியின் மூச்சுக்குழலைச் சோப்புத் தண்ணீரில் போட்டு, அதிலிருக்கும் பன்றியை வெளியேற்றுவது அவள் வேலை.

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் சுருக்கமாகச் சொன்னால் அவ்வளவுதான். எந்தச் சதையிலும் இரண்டு சங்கதிகள் உண்டு. ஒன்று செல்கள். இன்னொன்று, அந்தச் செல்களைப் பிடித்து வைத்திருக்கிற வலை. செல்களைத்தான் அடுத்த உடம்பு அடையாளம் கண்டு, அந்நியன் வந்துவிட்டான் என்று சண்டைக்கு நிற்கும். வலையை அது அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. பன்றியின் வலையும் மனிதரின் வலையும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதில் பன்றிக்கு வருத்தம் இருந்தாலும் அதைச் சொல்ல அதற்கு வழியில்லை.

கூடத்தின் தலைவியான டைரக்டரம்மா, வருகிற விருந்தாளிகளுக்கு இதை வேறு மாதிரி விளக்குவார். "வீட்டை இடிக்காம பழைய குடித்தனக்காரங்களைக் காலி பண்றோம். அப்புறம் அதே வீட்டுல நோயாளியோட சொந்த செல்லைக் குடி வெக்கிறோம்" என்பார். விருந்தாளிகள் தலையாட்டுவார்கள். காலி பண்ணுகிற ஆள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ரப்பர் காலணியோடு நின்றுகொண்டிருப்பாள். அவளைப் பார்த்துத் தலையாட்டியவர் யாருமில்லை.

காலையில் இறைச்சிக்கூடத்திலிருந்து ஐஸ் பெட்டி வரும். மூச்சுக்குழல்களை எடுத்து, கொழுப்பைச் சீவி, ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டி, வளையம் வளையமாக நறுக்கிக் குடுவைகளில் போடுவாள். சோப்புக் கரைசலை ஊற்றி, ஓயாமல் ஆடுகிற தட்டின் மேல் குடுவைகளை வைத்து மூடுவாள். சோப்பு என்றால் துணி துவைக்கிற சோப்பு இல்லை. ஆனால் செய்கிற காரியம் அதுதான். ஒரு சுற்று முடிந்தால் கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். மூன்று சுற்று. பிறகு அந்தச் சோப்பே மிச்சமில்லாதபடி சுத்தமான தண்ணீரில் அலசல். சிவப்பாக வந்தது இளஞ்சிவப்பாகி, சாம்பலாகி, கடைசியில் கொதித்த முட்டையின் வெள்ளைக்கரு நிறத்துக்கு வரும். அதை உறைய வைத்து, ஈரம் போக உலர்த்தி, மாவாக அரைத்து, அமிலத்தில் கரைத்தால் கொழகொழவென்று ஒரு கூழ் கிடைக்கும். அந்தக் கூழ்தான் மை. அதை ஊசிக்குழாயில் அடைத்து, நோயாளியின் செல்லைக் கலந்து, அச்சு இயந்திரத்தில் மாட்டினால் இயந்திரம் வரி வரியாக இழுத்து ஒரு வளையத்தைக் கட்டி எழுப்பும், கெட்டுப்போன மூச்சுக்குழலில் வைத்துத் தைக்க.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் அவள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு துடைத்தவள். கூடம் தொடங்கிய புதிதில் படித்த பிள்ளைகள் ஐஸ் பெட்டியைத் திறந்தவுடன் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். ஒருத்தி அழுதேவிட்டாள். முகம் சுளிக்காத ஆள் வேண்டும் என்று டைரக்டரம்மா தேடியபோது, நோயாளிகளின் மலச்சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே சினிமா பேசுகிற இவள் கண்ணில் பட்டாள். டைரக்டரம்மாதான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். சோப்பக்கா நன்றாகக் கற்றுக்கொண்டாள். அவளிடம் ஒரே ஒரு கோளாறு இருந்தது. சுத்தம் என்று வந்துவிட்டால் அவளுக்குப் போதும் என்ற வார்த்தை தெரியாது. வீட்டில் கழுவிக் கவிழ்த்த டம்ளரை, தண்ணீர் குடிக்கும் முன் மறுபடி கழுவுகிற சாதி அவள். டைரக்டரம்மா அதற்காகவே ஆரம்பத்தில் தினம் ஒரு பாட்டம் எச்சரிப்பார்.

"மூணுன்னா மூணு. கொறஞ்சா பழைய செல் தங்கிடும். கூடினா வலையே பலம் இழந்துடும். குடித்தனக்காரங்க போகும்போது ஆணி, கொக்கி, தாழ்ப்பாள் எல்லாத்தையும் சேர்த்துப் பிடுங்கிட்டுப் போன மாதிரி ஆயிடும். புது செல் எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும், சொல்லுங்க."

"சரிம்மா, மூணுதான்" என்பாள் சோப்பக்கா. மூன்றுதான் செய்தாள். ஆண்டுக்கணக்கில் மூன்றைத் தாண்டியதில்லை.

அவள் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். அந்த மனிதரின் வாயைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. பஸ்ஸின் கடைசி இருக்கையில் தூங்குகிறவனை முன்வாசலில் நின்றே எழுப்பிவிடுகிற குரல். படியில் தொங்குகிறவனைப் பார்த்து, "தம்பி, உள்ள வந்தாலும் அதே டிக்கெட்தான்" என்பார், வண்டியே சிரிக்கும். கிழவிகளுக்கு மருமகன், பள்ளிப் பெண்களுக்குச் சித்தப்பா, தகராறு பண்ணுகிறவனுக்கு எமன். வீட்டுக்கு வந்தாலும் வாய் மூடாது. அன்று ஏறி இறங்கிய அத்தனை பேரையும் சமையலறை வாசலில் நின்று நடித்துக் காட்டுவார். சோப்பக்கா அதிகம் பேசுகிறவள் இல்லை. அவர் பேச இவள் கேட்க, அப்படியே ஒரு கல்யாண வாழ்க்கை ஓடிவிட்டது. பேச்சு வேண்டியதெல்லாம் அவர் பக்கத்தில் இருந்ததால் அவள் தனக்கென்று சேர்த்துவைத்துக்கொள்ளவில்லை.

நுரையீரலில் காய்ச்சல் கண்டு அவர் படுத்தார். ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் விட்டு, இயந்திரத்தோடு பிணைத்து வாரக்கணக்கில் கிடத்தி வைத்தார்கள். உயிர் பிழைத்தது. பிழைத்து எழுந்தபோது, குழாய் உராய்ந்த இடத்தில் மூச்சுக்குழல் புண்ணாகி, தழும்பேறிச் சுருங்கியிருந்தது. ஜூஸ் உறிஞ்சுகிற குழாய் அளவுக்குத்தான் வழி என்றார்கள். அதற்குக் கீழே கழுத்தில் ஓட்டை போட்டு ஒரு சின்னக் குழாயைச் செருகினார்கள். மூச்சு அதன் வழியாகப் போய்வந்தது. பேச வேண்டுமென்றால் ஓட்டையை விரலால் அடைக்க வேண்டும். அப்போது கொஞ்சம் காற்று மேலே ஏறி, இரும்புக் கதவு கிறீச்சிடுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். நாலு வார்த்தைக்கு ஒருமுறை விரலை எடுத்து மூச்சு வாங்க வேண்டும். பஸ் வேலை போயிற்று. வெளியூரிலிருந்த மகள் தன் குழந்தையைப் போனில் பேச வைத்தாள். தாத்தா பேசியதும் குழந்தை வீறிட்டு அழுதது. மகள் சமாளித்து ஏதோ சொன்னாள். அதற்குப் பிறகு குழந்தையிடம் போனைக் கொடுக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை.

பகலெல்லாம் மூச்சுக்குழல்களைக் கழுவிவிட்டு, மாலையில் மூச்சுக்குழல் கெட்டுப்போன மனிதரிடம் வந்து சேருவது என்ன கொடுமை என்று சோப்பக்காவைத்தான் கேட்க வேண்டும். மற்றவர்களுக்கு அந்தக் குடுவைகளில் இருந்தது ஆராய்ச்சி. அவளுக்கு அது அவர் குரல். ஆடுகள் சிலவற்றுக்கு அந்த வளையத்தைப் பொருத்திப் பார்த்து, அவை நன்றாக மூச்சுவிட்டு மேய்ந்தபோது, கூடத்தில் கைதட்டினார்கள். சோப்பக்கா கைதட்டாமல் டைரக்டரம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மனிதர்களுக்குப் பொருத்திப் பார்க்க அனுமதி வந்தது. விரல் விட்டு எண்ணிவிடுகிற அளவில் சில பேருக்கு மட்டும். சோப்பக்கா அன்றே டைரக்டரம்மாவின் அறைக்குப் போனாள்.

"உங்க வீட்டுக்காரர் நெலமைக்குச் சரியா பொருந்தும், எனக்கும் தெரியும். ஆனா இங்க வேலை செய்றவங்க குடும்பத்தைச் சேர்க்கக் கூடாதுன்னு விதி இருக்கு. நான் வெச்சது இல்ல, மேல இருக்கற குழு வெச்சது" என்றார் டைரக்டரம்மா.

"எதுக்கும்மா அப்படி ஒரு விதி?"

"சொந்தக்காரங்களுக்குத் தூக்கிக் கொடுத்துட்டாங்கன்னு பேச்சு வரும். அப்புறம், சொந்தக்காரங்கன்னா நம்ம மனசு நம்ம பேச்சைக் கேக்காது. கண்ணு ஒண்ணு இருக்க ஒண்ணைப் பாக்கும்."

"நான் வேலைய விட்டுட்டா?"

டைரக்டரம்மா கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். விட்டுவிட்டால் விதி தடுக்காது என்று அவர் சொல்லவில்லை. தடுக்கும் என்றும் சொல்லவில்லை. சோப்பக்காவுக்கு அது போதுமாக இருந்தது.

வீட்டில் சொன்னாள். கண்டக்டர் விரலைக் கழுத்தில் வைத்தார். "பன்னி மாதிரி குறட்டை விடறேன்னு... எத்தனை வருஷம் திட்டினே" என்றார். விரலை எடுத்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி வைத்தார். "இப்ப நிஜமாவே பன்னித் தொண்டைதான். இனிமே திட்ட முடியாது." சோப்பக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த ஓட்டை விழுந்த பிறகு அவர் சொன்ன முதல் ஜோக் அது.

வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தாள். கிடைத்தற்கரிய வேலை, நல்ல சம்பளம், மரியாதையான இடம். யோசிக்கவே இல்லை. விலகுவதற்கு முன் ஒரு மாதம் வேலை செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. அவள் இடத்துக்கு ஒரு புதுப் பெண் வந்தாள். படித்தவள், அமைதியானவள், சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். இதற்கிடையில் அவள் விலகல் கடிதத்தை ஏற்றுக் குழு கண்டக்டரைச் சோதனையில் சேர்த்துக்கொள்ள, அவர் மூக்குக்குள்ளிருந்து கடலை அளவு குருத்தெலும்பை வெட்டியெடுத்து, அதிலிருந்த செல்களை அடைகாக்கும் பெட்டியில் வைத்து வளர்க்கத் தொடங்கினார்கள். செல்கள் வளர்ந்து தயாராகும் வாரத்தில் மையும் தயாராக இருக்க வேண்டும். அந்த மைக்கான மூச்சுக்குழல்கள் சோப்பக்காவின் கடைசி மாதத்தில் வந்து இறங்கின.

"இதைப் புதுப் பொண்ணு செய்யட்டுமா?" என்று கேட்டார் டைரக்டரம்மா. "இது உங்க வீட்டுக்காரருக்குப் போகப்போறது. நீங்க கை வெக்காம இருக்கறது நல்லதுன்னு எனக்குத் தோணுது."

சோப்பக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அவ கை இன்னும் பழகலைம்மா. என் வீட்டுக்காரர் தொண்டையிலயா அவ தொழில் கத்துக்கணும்?"

டைரக்டரம்மா விட்டுக்கொடுத்தார். அவர் செய்த தப்பு அது ஒன்றுதான். நல்ல மனசுக்காரர்கள் செய்கிற தப்பில் இருக்கிற தொல்லை, அவர்களைத் திட்டவும் முடியாது.

மூன்று சுற்றும் ஒழுங்காகவே முடிந்தன. சோப்பக்கா குடுவையைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். வெள்ளை. ஆனால் ஒரு வளையத்தின் ஓரத்தில் லேசான இளஞ்சிவப்பு இருந்த மாதிரி தெரிந்தது. திருப்பிப் பார்த்தாள், இல்லை. மறுபடி திருப்பினாள், இருந்த மாதிரி இருந்தது. சோதனையின் தொடக்கத்தில் ஓர் ஆட்டுக்குப் பழைய செல் தங்கிப்போய், பொருத்திய இடம் வீங்கி, அது மூச்சுத் திணறிச் செத்ததை அவள் பார்த்திருக்கிறாள். அந்த ஆட்டின் கண்கள் பிதுங்கியிருந்தன. இப்போது அந்தக் கண்கள் யாருடைய முகத்தில் வந்து உட்கார்ந்தன என்று சொல்ல வேண்டியதில்லை. நாலாவது தடவையாகக் கரைசலை ஊற்றினாள்.

நாலாவது முடிந்ததும் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. விடுமுறை நாள், கூடத்தில் ஆளில்லை. வீட்டில் ஒரு சாக்குச் சொல்லிவிட்டு வந்து ஐந்தாவதாக ஊற்றினாள். அப்புறம் இத்தனை சோப்பு ஊற்றியிருக்கிறோமே, அது தங்கி அவர் செல்லைக் கொன்றுவிட்டால் என்று பயந்து, தண்ணீரில் அலசினாள், அலசினாள், அலசிக்கொண்டே இருந்தாள். கூடுதலாகக் கழுவினால் பொருள் கெட்டுப்போகும் என்று எந்த வீட்டில் பெண்களுக்குச் சொல்லி வளர்த்தார்கள்? ஆனால் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். தினம் ஒரு பாட்டம் சொல்லியிருந்தார்கள். தெரிந்தேதான் செய்தாள். டைரக்டரம்மா சொன்னது ஊராருக்கு; தன் வீட்டுக்காரருக்கு அது கொஞ்சம் தள்ளிப்போகும் என்று அந்தப் பாழாய்ப்போன மனசு எப்படியோ கணக்குப் போட்டுக்கொண்டது.

உலர்த்தி அரைத்த மாவு, பஞ்சு மாதிரி பளீரென்று இருந்தது. பழைய செல் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று சோதித்தார்கள். இதுவரை இந்தக் கூடத்தில் இவ்வளவு சுத்தமாக ஒன்றும் வந்ததில்லை என்று முடிவு வந்தது. புதுப் பெண் வாய்விட்டு, "எப்படிக்கா?" என்றாள். சோப்பக்கா முகத்தில் அன்றைக்குத்தான் வெளிச்சம். மூன்று தடவைதான் என்று பொய் சொல்ல வேண்டிய அவசியம்கூட வரவில்லை, யாரும் கேட்கவில்லை.

அடுத்தது அச்சு இயந்திரம். அதை ஓட்டுகிற மெஷின்காரர் முசுடு. யாரோடும் பேசமாட்டார், இயந்திரத்தோடு மட்டும் முணுமுணுப்பார். மையின் குணம் இதுதான்: குளிரில் இளகி ஓடும், உடம்புச் சூடு பட்டால் இறுகி நிற்கும். ஐஸில் வைத்திருந்த மையை எடுத்து, செல் எதுவும் கலக்காமல் முதலில் ஒரு வெள்ளோட்டம் பார்த்தார். ஊசி வெதுவெதுப்பான தட்டின் மேல் சுற்றிச் சுற்றி வந்தது. முதல் வரி நின்றது. இரண்டாவது வரி அதன் மேல் உட்கார்ந்தது. மூன்றாவது வரி விழுந்ததும் கீழே இருந்தவை பக்கவாட்டில் பிதுங்கின. நாலாவது வரும்போது வளையம் என்று சொல்ல ஒன்றுமில்லை. தட்டில் கஞ்சி சிந்தின மாதிரி பரவிக் கிடந்தது.

மெஷின்காரர் சூட்டை ஏற்றினார். வேறு ஊசி மாற்றினார். மையைக் கெட்டியாகக் கலந்தார். ஒவ்வொரு தடவையும் தட்டில் கஞ்சிதான் சிந்தியது. சோப்பக்கா கண்ணாடித் தடுப்பில் நெற்றி பட நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

டைரக்டரம்மா வந்தார். தட்டைப் பார்த்தார். மாவை விரல் நுனியில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். மற்றவர்களை வெளியே போகச் சொன்னார்.

"எத்தனை தடவை கழுவினீங்க?"

"மூணும்மா."

டைரக்டரம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பொறுமை அதிகம். சோப்பக்காவால்தான் அந்த அமைதியில் நிற்க முடியவில்லை.

"அஞ்சு" என்றாள். "அலசினது எத்தனைன்னு எனக்கே தெரியாது."

டைரக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் சோப்பக்காவுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "வேற யாருக்கோ கழுவியிருந்தா சரியா கழுவியிருப்பீங்க" என்றார். "வழியில போற ஒரு ஆளுக்குன்னு நெனச்சுக் கழுவியிருந்தா, உங்க வீட்டுக்காரர் பேசியிருப்பார்."

அதைக் கேட்டபோதுதான் சோப்பக்காவுக்கு அந்த விதி எதற்காக என்று புரிந்தது. அதுவரை மேலே உட்கார்ந்திருக்கிற குழுவின் திமிர் என்றுதான் நினைத்திருந்தாள். புரிந்து என்ன ஆகப்போகிறது?

மறுபடி முதலிலிருந்து கழுவி, உலர்த்தி, அரைத்து, மை ஆக்க வாரங்கள் ஆகும். அதுவரை கண்டக்டரின் செல்கள் காத்திருக்காது. செல்கள் பெருகிக்கொண்டே போகும். பெருகப் பெருகக் கிழடு தட்டிவிடும். கிழடான செல் குருத்தெலும்பு கட்டாது. இப்போது விட்டால் அவ்வளவுதான். ஒருமுறை செல் எடுத்தவரிடம் இந்தச் சோதனைக்காக மறுபடி எடுக்கக் கூடாது என்று அனுமதிக் கடிதத்தில் எழுதியிருந்தது. சோப்பக்கா வேலையின் கடைசி வாரத்தில், அடைகாக்கும் பெட்டியிலிருந்து அவர் பெயர் ஒட்டிய தட்டுகளைப் புதுப் பெண் வெளியே எடுத்து, மருந்து ஊற்றி, குப்பைப் பையில் போட்டாள். போடும்போது சோப்பக்காவின் முகத்தைப் பார்க்காமல் போட்டாள். அந்த மட்டுக்கு நல்ல பெண்.

அடுத்த பேட்ச்சைப் புதுப் பெண்தான் கழுவினாள். மூன்று சுற்று கழுவினாள், அலசினாள், கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அச்சில் வளையம் கச்சிதமாக நின்றது. அந்த மை, கண்டக்டருக்கு அடுத்து வரிசையில் இருந்த டியூஷன் டீச்சருக்குப் போயிற்று. கணக்கு சொல்லித்தருகிற அம்மாள். அவருக்கும் கழுத்தில் அதே ஓட்டை. கண்டக்டரும் அவரும் ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் அறையில் பழக்கம். பன்றி என்றதும் அருவருத்து, வேண்டாம் என்று எழுந்து போகப்பார்த்த அந்த அம்மாளை, விரலை வைத்து வைத்துப் பேசி உட்கார வைத்ததே கண்டக்டர்தான். மீதமிருந்த இடங்களும் நிரம்பின.

வீட்டில் சொல்ல வேண்டியிருந்தது. மை சரியாக வரவில்லை என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். மெஷின் கோளாறு என்றிருக்கலாம். கண்டக்டருக்கு என்ன தெரியும்? ஆனால் இத்தனை வருஷத்தில் அவரிடம் அவள் பொய் சொன்னது அந்த விடுமுறை நாள் ஒன்றில்தான். எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் விரலைக் கழுத்தில் வைத்தார். "தெரிஞ்சுதான் செஞ்சியா?"

"பயமா இருந்துச்சுங்க. அந்த ஆடு..."

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்" என்றாள்.

அவர் விரலை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவளிடம் பேசவில்லை.

கோபம் ஓரிரு நாளில் தணியும் என்று இருந்தாள். அவர் முன்கோபிதான், ஆனால் மனசில் வைத்துக்கொள்கிறவர் இல்லை; சாப்பாடு ருசியாக இருந்தால் சண்டையை மறந்துவிடுகிற மனிதர். இந்தச் சண்டையை மறக்கவில்லை. மாடி வீட்டுக்காரர் வந்தால் விரலை வைத்துப் பேசினார். மகள் போன் செய்தால் பேசினார். பால்காரரிடம்கூட வானிலையைப் பற்றி இரண்டு வார்த்தை கிறீச்சிட்டார். சோப்பக்கா அறைக்குள் வந்தால் கை மடிக்கு இறங்கிவிடும். ஓட்டை திறந்தபடி மூச்சு மட்டும் போய்வரும். வேண்டியதைக் கண்ணால் காட்டுவார். காப்பி வைத்தால் குடிப்பார், சோறு போட்டால் சாப்பிடுவார், சட்டையை மடித்து வைத்தால் எடுத்துப் போட்டுக்கொள்வார். முறைப்பதுமில்லை. மிச்சமிருந்த அந்தக் கொஞ்சக் குரலை இவளுக்குச் செலவழிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டார், அவ்வளவுதான். பேச முடியாதவரோடு வாழ்ந்துவிடலாம். பேசாதவரோடு வாழ்கிறவளுக்குத்தான் வீடு எவ்வளவு பெரியது என்று தெரியும். சுவர்க் கடிகாரத்தை அவள் கழற்றி அலமாரிக்குள் வைத்தாள். அதன் சத்தம் பொறுக்க முடியவில்லை.

கூடத்தில் அவள் இடம் நிரம்பிவிட்டது. டைரக்டரம்மா யாரிடமோ சொல்லி, பழைய ஆஸ்பத்திரியிலேயே ஒரு வேலை வாங்கிக் கொடுத்தார். எந்த வார்டைத் துடைத்துவிட்டு வெளியேறினாளோ அதற்கு ஒரு மாடி கீழே, அதே வேலை. அங்கே யாரும் அவளைச் சோப்பக்கா என்று கூப்பிடுவதில்லை. துடைக்கிற துணியைப் பிழிந்து போட்டுவிட்டுப் போவாள்; இரண்டாம் முறை துடைப்பதில்லை. மேஸ்திரி, "அந்த மூலை அப்படியே இருக்கு பாரும்மா" என்று திட்டுகிற அளவுக்கு வந்துவிட்டது.

மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவு தட்டப்பட்டது. டியூஷன் டீச்சர். கையில் ஒரு பை ஆப்பிள், கழுத்தில் ஓட்டை இருந்த இடத்தில் ஒரு சின்னத் தழும்பு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேசத் தொடங்கிவிட்டார். சோப்பக்கா கதவைப் பிடித்தபடி நின்றாள். அந்தக் குரல் அவ்வளவு நன்றாக இருந்தது. கொஞ்சம் கரகரப்பு, மற்றபடி முழுக்குரல். மூச்சு வாங்க நிற்காமல் ஒரு வாக்கியம் முழுதாக வந்தது. பையன்கள் வகுப்பில் இப்போது பயப்படுகிறார்களாம். அடுத்த வீட்டில் சத்தமாகப் பாட்டு வைத்தால் இங்கிருந்தே நிறுத்தச் சொல்ல முடிகிறதாம்.

"அண்ணே, அன்னிக்கு நீங்க பேசலைன்னா நான் எந்திரிச்சுப் போயிருப்பேன். இந்தக் குரல் நீங்க கொடுத்தது" என்றார் கண்டக்டரிடம். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு ஏதோ மை சரியா அமையலைன்னு சொன்னாங்க. என் மனசே கேக்கலை. எப்படி ஆச்சு அது?" என்று கேட்டார்.

சோப்பக்கா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தாள். சொல்லட்டும் என்றும் நினைத்தாள். அவள் காதில் விழும்படி அவர் வாயால் அவளைப் பற்றி ஒரு வார்த்தை. வசவாக இருந்தாலும் போதும்.

கண்டக்டர் விரலைக் கழுத்தில் வைத்தார். "நம்ம தொண்டைக்கு ஏத்த பன்னி... இன்னும் பொறக்கலைம்மா" என்றார். டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். அவரும் சிரித்தார், ஓட்டை வழியாகக் காற்று உஸ்ஸென்று வந்தது. பிறகு டீச்சர் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். கண்டக்டர் பழைய பஸ் கதைகளில் ஒன்றைத் துண்டு துண்டாகச் சொல்லி முடித்தார். சோப்பக்கா காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவர் அவளைப் பார்க்காமல் எடுத்துக்கொண்டார்.

டீச்சர் போனதும் வீடு பழையபடி ஆயிற்று. சோப்பக்கா டம்ளர்களை எடுக்காமல் அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னைத் திட்டவாவது திட்டுங்க" என்றாள். "எவ்வளவு வேணாலும் திட்டுங்க. இப்படி மட்டும் இருக்காதீங்க. முடியலைங்க."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் டீச்சர் யாரையோ கூப்பிட்டு வழி கேட்பது உள்ளே வரை கேட்டது. கண்டக்டரின் கை மடியிலிருந்து மெல்ல எழுந்து கழுத்துக்குப் போயிற்று. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"அவங்க குரல் நல்லா இருக்கு, இல்ல?" என்றார்.

"ஆமாங்க" என்றாள் சோப்பக்கா. "நல்லா இருக்கு."

அவர் விரலை எடுத்துவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.